கடைமடையும் அடிவயிற்றுச் சதையும்



திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி மடல் வரைந்துள்ளார். புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை அகற்றியாயிற்று. அடிவயிற்றுச் சதையைக் கொண்டு அவ்விடத்தில் புதிதாக அமைக்கலாம் என்று மருத்துவர் கூறியுள்ளார். "வெட்டி வைத்த சதை அழுகாமல் இருக்குமா?" என்று அவருடைய மாமி கேட்கிறாராம். நல்ல கேள்வி. இந்த அறுவையின் முழுக் கவலையும் அதுதான்.

கண்மாய்ப் பாசனம் அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மடையருகே உள்ள வயல் முதலில் நனையும். மழை பொய்த்த ஆண்டில் கடைமடை காய்ந்தே கிடக்கும். அடிவயிற்றுக்கு இரத்தம் தரும் முக்கியத் தமனி இடுப்புப் பக்கமிருந்து மேலேறுகிறது. அதன் கிளைகள் தொப்புளைச் சுற்றித் தசையைத் துளைத்துத் தோலை அடைகின்றன. அவையே மடைகள். நடுக்கோட்டைத் தாண்டிய மறுபக்க ஓரம் கடைமடை. அதை மருத்துவர் பெரும்பாலும் வெட்டி நீக்கிவிடுவார். வீணாக்குகிறாரே என்று எண்ண வேண்டாம்.

அமெரிக்க மருத்துவர் ஹார்ட்ராம்ப் 1982-ல் வெளியிட்ட 'டிராம்' முறையில், வயிற்றுத் தசையை மேல்முனை அறாமல் மார்புக்குத் திருப்புவர். இரத்தம் மேலிருந்து குறுகிய குழாய்கள் வழியே இறங்கி வர வேண்டும். தசை போவதால் வயிறும் தளரக்கூடும். தசையை விட்டுவிட்டுத் துளைக்கிளைகளை மட்டும் பிரிக்கலாம் என்று 1989-ல் ஜப்பானியர் கோஷிமா காட்டினார். அமெரிக்கரான ஆலன் 1990-களில் அதை மார்பகத்துக்குக் கொண்டுவந்தார். இதுவே 'டீப்' முறை. இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாயை மார்பெலும்பருகே உள்ள குழாயோடு, நுண்ணோக்கியில் பார்த்து, தலைமுடியினும் மெல்லிய இழையால் தைக்கிறார்கள்.

நீர் வந்தால் மட்டும் போதுமா? கலுங்கு அடைபட்டால் கரை உடையும் அல்லவா? இரத்தம் திரும்பும் சிரை அடைபட்டால் சதை கருநீலமாக வீங்கும். தமனி அடைபட்டால் வெளிறிக் குளிரும். முதல் சில நாள்கள் செவிலியர் நள்ளிரவிலும் வந்து தொட்டுப் பார்ப்பது இதற்காகவே. சலித்துக்கொள்ளாதீர்கள். உடனே கண்டால் மீண்டும் திறந்து பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

பிரசவத்துக்காக அடிவயிற்றில் குறுக்கே கிழித்த தழும்பு பெரும்பாலும் தடையாகாது. ஆழத்திலுள்ள தமனி தப்பியிருக்கும். நெடுக்காகக் கிழித்த தழும்பைத் தாண்டி இரத்தம் மறுபக்கம் பாய்வது கடினம். எத்தனை ஆண்டுக்கு முந்திய அறுவையானாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நீரிழிவையும் சொல்லுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவோர் அதையும் சொல்லத்தான் வேண்டும். அதிலுள்ள நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கும். நம் பெண்கள் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள்!

அவசரம் ஏதுமில்லை, சகோதரி. மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் செய்துகொள்ளலாம்; வேண்டாமென்று விட்டாலும் உடலுக்குக் கேடில்லை. அருப்புக்கோட்டைக்கு மதுரை தூரமில்லை. அங்குள்ள அரசு இராசாசி மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவில் விசாரியுங்கள். போகும்போது மாமியையும் அழைத்துச் செல்லுங்கள். உங்களிடம் கேட்டதை அவர் மருத்துவரிடமே கேட்கட்டும்.