நோகாத புண்ணுக்கு யார் லீவு கொடுப்பது?



கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு அண்மையில் துக்கம் கேட்கப் போயிருந்தேன். இறந்தவர் எனக்குப் பெரியம்மா முறை. முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியாக மாறியபோது, லயத்தைக் காலி செய்துவிட்டு மகனோடு மாடி வீட்டுக்கு வந்தவர். கன்னத்தின் உள்பக்கத்தில் ஒரு புண் வந்திருக்கிறது. "சுண்ணாம்பு கூடிப் போச்சு, வாய் வெந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டு எட்டு மாதம் உப்புத் தண்ணீர் கொப்பளித்திருக்கிறார். வலி இல்லையாம். வலிக்காத ஒன்றை நோயென்று யார் நினைப்பார்கள்? வலி வந்து டாக்டரிடம் போனபோது கழுத்தில் கட்டி இறங்கிவிட்டது. அதன் பிறகு ஒரு வருஷம்கூட இருக்கவில்லை.

வீட்டுக்கு வெளியே நடைபாதையில் பாய் விரித்து மூன்று பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெற்றிலைத் தட்டு. பல் போன ஒரு பாட்டி, சின்ன உரலில் பாக்கை இடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "என்னா செய்யறது தம்பி, தலையெழுத்து. இந்த நோவு நம்ம சனத்துக்கு ரத்தத்திலேயே இருக்கு."

அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லத்தான் இந்த மாதம் எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. படித்ததையும் கேட்டதையும் பார்த்ததையும் சொல்கிறேன்.

நம் சனத்துக்கு இந்த நோய் அதிகம் என்பது உண்மைதான். 1993-94-இல் நாடு முழுவதும் 25 வயதைத் தாண்டிய 11,000-க்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறந்து பார்த்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். நாளைக்குப் புற்றாக மாறக்கூடிய மாற்றங்கள் யார் வாயில் இருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். இந்தியர்களில் 100-க்கு 4 பேருக்கு இருந்தது. சபா, சரவாக் பூர்வகுடி மக்களில் 100-க்கு 2.5. சீனர்களில் 200-க்கு ஒருவர்தான். இது திடீரென்று வந்த செய்தியும் இல்லை. 1970-களிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் டாக்டர் கே. ராமநாதன், வாய்ப் புற்று எந்த இனத்தாரை எப்படித் தாக்குகிறது என்று ஆராய்ந்து எழுதிவிட்டார். அன்றைக்கும் முன்னால் நின்றவர்கள் நாம்தான். இந்த ஒரு வரிசையிலாவது பின்னால் நிற்கக் கூடாதா!

ஆனால், "ரத்தத்தில் இருக்கிறது" என்ற பேச்சு மட்டும் நிற்காது. ஏன் என்று கேளுங்கள்.

நம் நாட்டின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2003-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்வோம். வாய்ப் புற்று மிக அதிகமாகக் காணப்பட்டது இந்தியப் பெண்களிடம். மலாய்ப் பெண்களைவிட, சீனப் பெண்களைவிட அதிகம் என்பதோடு நில்லாமல், இந்திய ஆண்களைவிடவும் அதிகம். இப்போது இந்தியாவுக்குப் போவோம். அங்கே நிலைமை தலைகீழ். வாய்ப் புற்று ஆண்களுக்குத்தான் அதிகம். ஆண்களைத் தாக்கும் புற்றுகளில் அது முன்வரிசையில் நிற்கிறது. அதே சனம், அதே வம்சம், அதே ரத்தம். கப்பலேறிக் கடல் தாண்டியதும் ரத்தமா மாறிவிட்டது? அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் வேறு வேறு ரத்தமா? இல்லையே! இங்கே ஆண்கள் சிகரெட்டுக்கும் கள்ளுக்கும் போனார்கள், வெற்றிலைப் பை பெண்கள் இடுப்பில் தங்கிவிட்டது. நோயும் பையோடு தங்கிவிட்டது.

சபா, சரவாக் மக்கள் ஏன் இரண்டாவது இடத்தில் வந்தார்கள்? அவர்களுக்கும் நமக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் அங்கேயும் பல சமூகங்களில் வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் உண்டு.

இதை ஊகமாக நான் சொல்லவில்லை. கன்னியாகுமரிப் பக்கம் நெய்யூர் என்று ஓர் ஊர். அந்தக் காலத்தில் தென் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை செய்த டாக்டர் ஓர் என்ற வெள்ளைக்காரர், வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி 1933-லேயே லண்டன் மருத்துவ ஏடான 'லான்செட்'டில் எழுதினார். நம் பாட்டன்மார் இங்கே காட்டை அழித்துக் கித்தா நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்கே அச்சில் வந்த செய்தி, நம் லயத்து வாசலுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று பாருங்கள்.

"நான் புகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்லும் சகோதரிகள் அநேகம். வெகு காலம் டாக்டர்கள்கூட அப்படித்தான் நினைத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-இல் தீர்ப்புச் சொன்னபோது, புகையிலை சேர்ந்த வெற்றிலைதான் புற்று உண்டாக்கும் என்றது. 2003-இல் மறுபடி கூடி எல்லாச் சான்றுகளையும் பார்த்தார்கள். புகையிலை சேராத வெற்றிலையும் புற்று உண்டாக்கும், பாக்கு தனியாகவே புற்று உண்டாக்கும் என்று முடிவு சொல்லிவிட்டார்கள். தைவானில் புகையிலை இல்லாமல்தான் பாக்கு போடுகிறார்கள். அங்கேயும் வாய்ப் புற்று ஏராளம். பாப்புவா நியூகினியில் பாக்கைக் கடித்துவிட்டுச் சுண்ணாம்பைக் குச்சியால் தொட்டு வாயோரம் வைப்பார்கள். குச்சி படும் அந்த இடத்தில்தான் புற்று அதிகம் வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். நம் பாட்டிகள் வெற்றிலையை எந்தக் கன்னத்தில் ஒதுக்குகிறார்களோ அந்தக் கன்னத்தைப் பாருங்கள், சங்கதி விளங்கும்.

இதிலே எனக்குப் பயம் பாட்டிகளைப் பற்றி மட்டும் இல்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் கடைகளில் இனிப்புப் பாக்குப் பொட்டலம் தொங்குகிறது. கல்யாண வீட்டில் அதைச் சின்னப் பிள்ளைகள் மிட்டாய் மாதிரி பிரித்து வாயில் கொட்டிக்கொள்கிறார்கள். வாசனை போட்டாலும் அது பாக்குதான். பாக்கு வாயின் உள்தசையை நாராக இறுக்கும். முதலில் மிளகாய் பட்டால் எரியும், பிறகு வாய் திறப்பது குறையும், கடைசியில் இரண்டு விரல்கூட உள்ளே போகாது. நிறுத்தினாலும் அந்த இறுக்கம் பழையபடி ஆகாது.

தொண்டைப் புற்று வேறு கதை. எல்லாவற்றையும் ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல்பகுதியில் வருவது ஒன்று. அது தென்சீன வம்சத்தாரிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் மிக அதிகம். ஒரு வைரஸ், சீன முறை உப்பு மீன் எல்லாம் அதற்குக் காரணம். அதில் வம்சத்துக்கும் பங்கு உண்டு. கீழ்த் தொண்டையில் வருவது பெரும்பாலும் புகையும் மதுவும் செய்யும் வேலை. சிகரெட்டும் சம்சுவும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், ஆபத்து ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூடாது, பெருகும். இதை நம் ஆண்பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். வெற்றிலையைப் பற்றிப் பேசினால் மட்டும் தலையாட்டி, "ஆமா, இந்தப் பொம்பளைங்க கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு பீர் டின்னைத் திறக்கக் கூடாது.

அந்தப் பொம்பளைகள் ஏன் வெற்றிலை போட்டார்கள்? விடியுமுன் பிரட்டுக்கு ஓட வேண்டும். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட வேண்டும். வெறும் வயிற்றில் நிரையில் இறங்க வேண்டும். பசியாற மணி பத்தாகும். அதுவரை பசியையும் களைப்பையும் அடக்கியது கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலைதான். பாக்குக்கு உடம்பைச் சுறுசுறுப்பாக்கும் குணம் உண்டு. வேலை வாங்கியவர்களுக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை. அதே வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. குடிப்பதற்கு வசதி செய்து கொடுத்தார்கள், குடிநீருக்கு ஆற்றைக் காட்டினார்கள். ஆகையால், "பழக்கம் கெட்டது, விட்டுவிடு" என்று மேடை போட்டு உபதேசம் செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தப் பழக்கத்தில் தோட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

"வெற்றிலை நம் பண்பாடு" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாம்பூலத் தட்டு தாராளமாக இருக்கட்டும். சாமிக்கு வைக்கலாம், சம்பந்திக்குக் கொடுக்கலாம். தட்டில் இருக்கும் வரை அது யாரையும் கொல்லாது.

இனி, என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவந்த படலம், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம், நீடித்த குரல் கம்மல், விழுங்க முடியாமை, கழுத்தில் கட்டி. வலிக்கிறதா என்று பார்க்காதீர்கள். ஆரம்பத்தில் வலிக்காது, வஞ்சகமே அங்கேதான் இருக்கிறது. சின்னதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள். நம் நாட்டிலோ பாதிக்கு மேற்பட்டோர் முற்றிய நிலையில்தான் வந்து சேர்கிறார்கள்.

பார்ப்பது பெரிய வித்தையா? ஒரு டார்ச் லைட், இரண்டு மூன்று நிமிஷம். கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கம் 13 பஞ்சாயத்துகளில் 1996 முதல் இதைச் சோதித்தார்கள். டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர்களே வீடு வீடாகப் போய் 35 வயதைத் தாண்டியவர்களின் வாயைப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களில், பார்க்கப்பட்ட ஊர்களில் வாய்ப் புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இலங்கையில் அதற்கும் முன்பே ஆரம்ப சுகாதார ஊழியர்களைக் கொண்டு இதைச் செய்து 1984-இல் வெளியிட்டார்கள். ஊழியர்கள் நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போகவே இல்லை.

ஏன் போகவில்லை என்று நமக்கா தெரியாது? போனால் அன்றைய கூலி போச்சு!

நம் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பகுதி 1990-களின் கடைசியிலிருந்து தோட்டங்களுக்கும் நம்மவர் வாழும் இடங்களுக்கும் போய் வாய் பார்க்கும் திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2005-இல் வாய்ப் புற்று ஆய்வு மையமே தொடங்கினார்கள். பிரிக்பீல்ட்ஸ் வெற்றிலைக் கடையிலிருந்து அது பஸ்ஸில் போகிற தூரம்தான்! தூரம் அதில் இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நோயாளித் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு லீவு தருகிறது. சேவைக் காலத்தைப் பொறுத்து வருஷத்துக்கு 14, 18, 22 நாள். ஆனால் அதற்கு எம்.சி. வேண்டும். நோய் என்று டாக்டர் எழுதினால்தான் எம்.சி. நோகாத வாயைக் காட்டப் போகிறவனுக்கு யார் எம்.சி. எழுதுவார்? கிடைப்பது, "நேரத்துக்கு வந்து போனார்" என்று ஒரு சீட்டு. கிராணி அதைப் பார்த்துவிட்டுப் பேரை அடிப்பார்.

ஆகவே, சங்கம் கேட்க வேண்டியது இது: அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில், 35 வயதைத் தாண்டிய ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருஷத்தில் அரை நாள், சம்பளத்தோடு, வாய் பார்த்துக்கொள்ள. புண் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நாளுக்கும் சம்பளம். இல்லாவிட்டால் பல் டாக்டரை பிரட்டுக் களத்துக்கே கூப்பிடட்டும், ஒரு காலை நேரத்தில் முடிந்துவிடும். கூலியில் பத்து சென்னுக்கு இரவெல்லாம் பேச்சுவார்த்தை நடத்தத் தெரிந்த நமக்கு, இதைக் கேட்க வாய் வராதா? இந்தக் கோரிக்கையில் வெளிநாட்டுத் தோழர்களையும் சேர்க்க வேண்டும். இன்றைக்கு செம்பனைக் காட்டில் குலை வெட்டுவது பெரும்பாலும் அவர்கள்தான். வங்காளதேசத்துக்காரர், மியன்மார்க்காரர் கன்னத்திலும் வெற்றிலை இருக்கிறது. அன்று நம் பெரியம்மாவுக்கு யாரும் சொல்லாதது போல், இன்று அவர்களுக்கும் யாரும் சொல்வதில்லை.

துக்க வீட்டுப் பாட்டியிடம் இதில் பாதியை அன்றைக்கே சொன்னேன். உரலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "எனக்கும் இங்கனக்குள்ள வெள்ளையா ஒன்னு ரொம்ப நாளா இருக்கு தம்பி, நாக்குல தட்டுது, பாக்கச் சொல்லலாமா?" என்று கேட்டார். போன வியாழக்கிழமை கூட்டிப் போயிருக்கிறார்கள். சதையில் கொஞ்சம் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் செய்தி வந்தது. கூட்டிப் போன மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அன்றைக்குப் பாதி நாள் சம்பளம் வெட்டிவிட்டார்களாம். முடிவு வாங்க இன்னொரு நாள் போக வேண்டும்.