வன்னிக்கு இரண்டாம் தரம் தனியப் போங்கோ

போர் முடிஞ்ச கையோடை வன்னி பார்க்கப் போனவை அநேகமாகக் கூட்டமாத்தான் போனவை. தெற்கிலிருந்து பஸ், வெளிநாட்டுச் சொந்தங்களோடை வேன். கிளிநொச்சியில் விழுந்துகிடந்த தண்ணீர்த் தாங்கி, குண்டு துளைத்த கொங்கிரீட் கட்டியில் தாமரை பூக்கும் சின்னம், புதுக்குடியிருப்பில் துப்பாக்கி தூக்கிய சிப்பாய். இறங்கி, படம் எடுத்து, ஏறிவிடலாம். வென்றவர்கள் ஒழுங்குசெய்த வரிசை அது.

2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயிலும் திரும்பி வந்திட்டுது. இத்தனை வருசம் கழிச்சுத் திரும்பப் போறவைக்கு நாங்கள் சொல்லுறது ஒண்டுதான்: தனியப் போங்கோ, முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறுங்கோ. பக்கத்து சீற் அம்மா, "எவடம் பிள்ளை, தனியவோ வந்தனீ?" எண்டு கேட்பா. வேனுக்குள்ள இருக்கிறவையை ஆரும் அப்பிடிக் கேட்கிறேல்லை. அதுக்குப் பிறகு கதை வரலாம், வராமலும் விடலாம். கிண்டிக் கேட்காதேங்கோ. (போன் பையுக்குள்ள கிடக்கட்டும்.)

லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில், பழைய கேஜிபி கட்டடத்தின் வெளிச்சுவர்க் கற்களில் அங்கே கொல்லப்பட்டவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். தனியப் போற பயணியும் நின்று வாசிக்கலாம். வன்னியின் அரச சின்னங்களில் செத்த சனத்தின்ரை பெயர் இல்லை. அந்தப் பெயர்களைச் சொல்ல இந்த பஸ்ஸில் வாற ஆட்கள்தான் இருக்கினம். அவைக்கும் வயசு போகுது.