ரத்தத்தில் ஊறிய தாளம் என்னும் பொய்

ஜாஸ் விழா மேடையில் ஆப்பிரிக்கக் கலைஞர் ஒருவர் வாசித்து முடித்தால் போதும், எங்கிருந்தோ அந்த வாக்கியம் வந்துவிடும்: “இவர்களுக்கெல்லாம் தாளம் ரத்தத்திலேயே ஊறியது.” விமர்சகர்கள் எழுதுகிறார்கள், ரசிகர்கள் தலையாட்டுகிறார்கள். ஆப்பிரிக்க இசையை மனதார நேசிப்பவர்களும் இதையே சொல்கிறார்கள். பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறார்கள். ஒரு மனிதன் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து படித்ததையும் யோசித்ததையும் பறித்து அவன் பிறப்புக்குக் கொடுத்துவிடுவது எப்படிப் பாராட்டாகும்?

நைஜீரியாவின் டோனி ஆலனை எடுத்துக்கொள்வோம். பாடகர் ஃபேலா குட்டியோடு சேர்ந்து ஆஃப்ரோபீட் என்ற இசையை உருவாக்கியவர். உலகின் தலைசிறந்த டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவர். ரத்தக் கோட்பாடு எங்காவது செல்லுபடியாக வேண்டும் என்றால் இவரிடம் ஆக வேண்டும். ஆனால் லாகோஸில் வானொலி நிலையத்தில் தொழில்நுட்ப வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆலன், 18 வயதை ஒட்டித்தான் டிரம்ஸ் பழகத் தொடங்கினார். அமெரிக்க ஜாஸ் டிரம்ஸ் கலைஞர்கள் ஆர்ட் பிளேக்கி, மேக்ஸ் ரோச் இருவரின் இசைத்தட்டுகளையும் கேட்டுக் கேட்டுக் கற்றார். இடது காலால் மிதித்து இயக்கும் ஹை-ஹாட்டை மேக்ஸ் ரோச் கையாளும் விதம் பற்றி ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்து, கைக்கும் காலுக்கும் தனித்தனிப் பேச்சு வரும்வரை சாதகம் செய்தார். அச்சில் வந்த கட்டுரையைப் படித்துத் தாளம் கற்ற ஆப்பிரிக்கர்! 2017இல், 76 வயதில், ஆர்ட் பிளேக்கிக்குக் காணிக்கையாகவே ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். தன் குரு யார் என்று அவர் மறைத்ததே இல்லை. கேட்கத்தான் ஆளில்லை.

தாளத்தை விடுவோம். ஸ்வரமும் இசையமைப்பும் ஐரோப்பியர் தந்தவை, ஆப்பிரிக்கா தந்தது அடியும் ஆட்டமும் மட்டுமே என்பது இதே நம்பிக்கையின் மறுபாதி. இதற்கு எத்தியோப்பியாவின் முலாட்டு அஸ்தாத்கே ஒருவரே போதிய பதில். 1943இல் ஜிம்மா நகரில் பிறந்தவர். பொறியியல் படிக்கட்டும் என்று வீட்டார் வேல்ஸுக்கு அனுப்பினார்கள். இசைக்குத் திரும்பி லண்டன் டிரினிட்டி கல்லூரியிலும் பிறகு பாஸ்டனின் பெர்க்லியிலும் படித்தார். அவர் முன்னால் இருந்தது நுட்பமான ஒரு சிக்கல். டிஸிட்டா, பாத்தி போன்ற எத்தியோப்பிய இசை முறைகள் ஐந்து ஸ்வரங்களில் நிற்பவை. ஜாஸோ பன்னிரண்டையும் புழங்குவது. ஐந்து ஸ்வர ராகமான மோகனத்தைப் பாடிப் பழகிய எவருக்கும் இது புரியும்: வெளி ஸ்வரம் ஒன்று தவறான இடத்தில் நுழைந்தால் ராகத்தின் முகமே மாறிவிடும். எந்த இடத்தில் எந்த ஸ்வரத்தை அடியில் வைத்தால் அந்த முகம் கெடாது என்று ஒவ்வொன்றாகத் தேடியவர் முலாட்டு. எத்தியோ-ஜாஸ் அப்படிப் பிறந்தது. இதில் ரத்தத்துக்கு என்ன வேலை?

இன்னொரு வடிவத்திலும் இந்த நம்பிக்கை உலவுகிறது, அதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. ஆப்பிரிக்கா ஜாஸின் வேராம், அவ்வளவுதானாம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் நியூ ஆர்லியன்ஸில் உருவாக்கிய கலை ஜாஸ் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் வேர் என்று சொல்லி ஒரு கண்டத்தையே மண்ணுக்கடியில் புதைத்துவிடுகிறார்கள். 1920களிலேயே தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் சேரிகளில் மராபி என்ற நகர்ப்புற இசை முழங்கியது. அப்துல்லா இப்ராஹிம், ஹியூ மசகேலா, கிப்பி முகெட்சி, ஜோனஸ் குவாங்வா ஆகியோரின் ‘ஜாஸ் எபிசில்ஸ்’ குழு 1960 தொடக்கத்தில் இசைத்தட்டுப் பதிவு செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஷார்ப்வில்லில் நிறவெறிச் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்களில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்றது. மசகேலா அந்த ஆண்டே நாட்டை விட்டுப் போனார்.

அடுத்து ‘புளூ நோட்ஸ்’ குழு. வெள்ளையரான பியானோ கலைஞர் கிறிஸ் மெக்கிரெகரும் கறுப்பினத் தோழர்களும் ஒரே மேடையில் நிற்பதே நிறவெறி அரசின் கண்ணில் குற்றம். 1964இல் பிரான்சின் ஆண்டிப் ஜாஸ் விழாவுக்கு என்று கிளம்பிய அவர்கள் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார்கள். டுடு புக்வானா, மொங்கேசி ஃபேசா, ஜானி டியானி மூவரும் அந்நிய மண்ணிலேயே மாண்டார்கள். டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் மொஹோலோ 2005இல்தான் தாய்நாட்டில் மீண்டும் குடியேறினார். லண்டனில் இவர்கள் வாசித்த வேகத்திலும் விடுதலையிலும்தான் பிரிட்டனின் புதிய ஜாஸ் தலைமுறை தன் பாதையைக் கண்டது. ஆக, ஐரோப்பாவுக்கு நவீன ஜாஸ் கற்றுக்கொடுத்தவர்களில் ஆப்பிரிக்கரும் உண்டு. வேர் என்ற சொல்லில் இது எங்கே அடங்கும்?

இன்றைய கலைஞர்களே மூதாதையர், ஆவி என்றெல்லாம் பேசுகிறார்களே என்று சிலர் மடக்குவார்கள். தென்னாப்பிரிக்காவின் நுடுடுஸோ மகதினி அப்படித்தான் பேசுகிறார். பியானோ கலைஞர், பாரம்பரிய வைத்தியரும்கூட. டர்பனில் ஜாஸ் படித்தவர், பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர், பியானோ கலைஞர் பெக்கி ம்செலெகுவைக் குருவாக மதிப்பவர். அவர் செய்யும் வைத்தியத்துக்கு மூதாதையர் அழைப்பு வேண்டும் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஆனால் அழைப்பு வந்த பிறகும் மூத்தவர் ஒருவரிடம் பயிற்சிக் காலத்தைக் கழித்தே ஆக வேண்டும். பரம்பரையை அவர் மதிப்பது வேறு, அவர் இசை பயிற்சியே இல்லாமல் வந்தது என்று நாம் முடிவுகட்டுவது வேறு.

இந்த ரத்தப் பேச்சுக்கு ஒரு விலை உண்டு. ஆப்பிரிக்கக் கலைஞர் அமைதியாக, சிக்கலான இசையமைப்போடு பியானோ முன் உட்கார்ந்தால், ‘ஆப்பிரிக்கத்தனம் குறைகிறதே’ என்று கூட்டம் முகம் சுளிக்கிறது. வண்ண உடையும் முரசும் எங்கே என்று தேடுகிறது.

ஆகவே விழா நடத்துவோருக்கும் எழுதுவோருக்கும் கேட்போருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: ரத்தத்தைப் பற்றிப் பேசாதீர்கள். யாரிடம் கற்றார், எந்த இசையைக் கேட்டு வளர்ந்தார், இந்த இசையை ஏன் இப்படி அமைத்தார் என்று அந்தக் கலைஞரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களை எழுதுங்கள்.