குறுக்குக் காற்றில் தரையிறக்கம்: சிறிய விமானங்களுக்கு ஆபத்து ஏன் அதிகம்?

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த நாளான 2024 நவம்பர் 30 அன்று, மும்பையிலிருந்து வந்த இண்டிகோ ஏர்பஸ் ஏ320 நியோ விமானம் சென்னையில் தரையிறங்க முயன்றது. ஓடுபாதையைத் தொடும் தருணத்தில் அது ஒருபுறம் சாய, விமானிகள் உடனடியாக விசையைக் கூட்டி மீண்டும் மேலெழுந்தனர். காணொலியைக் கண்ட பலரும் விமானம் நூலிழையில் தப்பியதாகவே பேசினர். மழையும் பலத்த காற்றும் நிலவியதால் விதிமுறைப்படி 'கோ அரவுண்ட்' மேற்கொள்ளப்பட்டதாக இண்டிகோ விளக்கமளித்தது. அந்த விளக்கம் ஏற்கத்தக்கதே. விபத்தாக முடிந்திருக்கக்கூடியது அந்த முடிவால்தான் வெறும் காணொலியாக நின்றது.

ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று வீசும்போது விமானம் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, நண்டைப் போல் பக்கவாட்டில் நகர்ந்தபடி இறங்குகிறது. சக்கரம் தரையைத் தொடுமுன் சுக்கானை இயக்கி மூக்கை ஓடுபாதைக்கு நேராக்க வேண்டும். காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தியும் பிடிக்க வேண்டும். இவையனைத்தும் சில நொடிகளில் நிகழ்ந்தாக வேண்டும்.

இங்கேதான் சிறிய விமானத்தின் சிக்கல் தொடங்குகிறது. பயிற்சிப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172, ஏறத்தாழ 65 நாட் வேகத்தில் தரையிறங்க வருகிறது. 15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகக் குறுக்குக் காற்றில், அது ஏறத்தாழ 13 பாகை திரும்பியபடி பறக்க வேண்டும். 135 நாட் வேகத்தில் வரும் ஜெட் விமானத்துக்கு அதே காற்றில் 6 பாகை போதும். எடையோ ஒரு டன்னைச் சற்றே தாண்டும். திடீர் வீச்சு அதை எளிதில் தூக்கிவிடும். கையாள்பவர் பெரும்பாலும் மாணவர்.

செஸ்னாவின் கையேடு குறிப்பிடும் 15 நாட் என்பதும் தடை எல்லையன்று. சோதனைப் பறத்தலில் செய்து காட்டப்பட்ட அளவு மட்டுமே. இந்த வேறுபாடு தேர்ந்த விமானிகளையும் குழப்பியிருக்கிறது. 2008 மார்ச் 1 அன்று, எம்மா புயலின்போது, ஹாம்பர்க்கில் லுஃப்தான்சா ஏ320 விமானத்தின் இறக்கை முனை ஓடுபாதையில் உரசியது. விமானிகள் மேலெழுந்து, காற்றுக்கு இசைவான வேறோர் ஓடுபாதையில் பத்திரமாக இறங்கினர். 'செய்து காட்டப்பட்ட அளவு' என்ற சொல்லை விமானிகள் பலவாறாகப் புரிந்துகொண்டிருந்ததை ஜெர்மானிய விசாரணை சுட்டிக்காட்டியது. ஹாம்பர்க்கில் மாற்று ஓடுபாதை இருந்தது. பயிற்சி நடைபெறும் சிறிய விமானத் தளங்கள் பலவற்றில் இருப்பது ஒன்றே.

மேலெழ மறுத்ததன் விலையை இந்தியா அறியும். 2010 மே 22 அன்று 158 பேரைப் பலிகொண்ட மங்களூரு விபத்திலும், 2020 ஆகஸ்ட் 7 அன்று 21 பேர் உயிரிழந்த கோழிக்கோடு விபத்திலும் குறுக்குக் காற்று காரணமன்று. ஆனால் இரண்டிலும் துணை விமானி 'கோ அரவுண்ட்' என்று கூறியும் தலைமை விமானி தரையிறக்கத்தைக் கைவிடவில்லை என விசாரணைகள் பதிவு செய்தன.

ஆகவே, மாணவர் மேலெழுந்து திரும்பி வருவதைப் பயிற்றுநர் பிழையாகக் குறிக்கிறாரா, சரியான முடிவாகக் குறிக்கிறாரா என்பது சிறிய விவரமன்று. மாணவர் தனியே பறக்கும் நாளில் அருகிலிருந்து 'மேலே போ' என்று சொல்ல எவரும் இருக்கமாட்டார்.