துண்டுக்குள் பேசிய விலை

மாட்டுத்தாவணி என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு பஸ் ஸ்டாண்டுதான். மாட்டுச் சந்தையால் வந்த பெயர் அது. சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தொகை தெரிந்தால் பேரம் கெட்டது.

பரவை 'அதிசயம்' பூங்காவுக்குப் போய்விட்டு வந்த பேரன், வெளிநாட்டுப் பூங்காக்களில் அடுத்து எந்தப் பட நாயகன் வரப்போகிறான் என்று கசிந்த சேதிகளை செல்போனில் காட்டினான். "முன்னாடியே தெரிஞ்சா நல்லதுதானே தாத்தா?"

நல்லதில்லை. ஒரு கதாபாத்திரத்தின் பெயரையும் உருவத்தையும் வைக்கப் பூங்காக்காரர் உரிமைத்தொகை கட்ட வேண்டும். கையெழுத்துக்கு முன்பே சேதி கசிந்தால் ஜனம் எதிர்பார்த்துவிடும். பூங்காக்காரர் பின்வாங்க முடியாது. உரிமையாளர் தொகையை ஏற்றலாம்; போட்டிக்காரரும் குறுக்கே வரலாம். யுனிவர்சலும் நிண்டெண்டோவும் கூட்டை அறிவித்தது 2015இல். ஒசாகாவில் வாசல் திறந்தது 2021இல். அத்தனை வருஷ முதலீடு அந்தக் கையெழுத்தை நம்பித்தான்.

ஆனால் எல்லா ரகசியமும் நியாயமில்லை. 1960களில் டிஸ்னி, தன் பெயரை மறைத்து வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் புளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கர் வாங்கியது. 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ பத்திரிகை விஷயத்தை உடைத்ததும் நிலவிலை எகிறியது. முன்பே விற்றவர்களுக்கு அந்த விலை கிடைக்கவில்லை.

துண்டுக்குள் இருந்த இரண்டு கைக்கும் எந்த மாடு என்று தெரியும். புளோரிடாவில் ஒரு கைக்குத்தான் தெரிந்தது. பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் பேசும்போது துண்டை விலக்க வேண்டாம். நிலம் விற்கிற சம்சாரிக்கு மட்டும், வாங்குவது யார் என்று தெரிந்தாக வேண்டும்.