ஆளில்லாத வீட்டின் கதையை யார் எடுப்பது?

பேய்ப்படம் என்றால் இரண்டாந்தரம் என்ற எண்ணம் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துத் திரையிடல்களில் இன்னும் போகவில்லை. ராயைப் பற்றியோ ஈரானியப் படங்களைப் பற்றியோ ஒரு மணித்தியாலம் பேச இடம் உண்டு. ‘யார் நீ’ போன்ற பழைய தமிழ்ப் பேய்ப்படத்தைப் பற்றிப் பேச இடமில்லை. எங்கள் ஊர் இதுவரை சொல்லாமல் வைத்திருக்கும் கதையொன்றைச் சொல்ல வழி காட்டுபவை அந்தப் பழைய படங்களே என்று நம்புகிறேன்.

1980களில் உடுவிலிலும் சுன்னாகத்திலும் டெக்கையும் டிவியையும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் பூட்டி, வளவுக்குள் பாய் விரித்து விடிய விடியப் படம் பார்த்தோம். நடுச்சாமத்துக்கென்று ஒரு பேய்ப்படம் இருக்கும். முடிந்ததும் பனங்கூடல் கடந்து வீட்டுக்குப் போகப் பயந்து பிள்ளைகள் அங்கேயே படுத்துவிடுவார்கள். 1990 யூனில் மறுபடி போர் தொடங்கியது, மின்சாரம் நின்றது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம் அது. படத்தில் பார்த்த இருட்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.

அறுபதுகளின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் பேய் பொய். 1966இல் வந்த ‘யார் நீ’யில் வெள்ளைச் சேலையில் வரும் உருவம் சொத்துக்காகச் செய்த சதி, அடுத்த ஆண்டு வந்த ‘அதே கண்க’ளில் முகமூடிக்குள் இருப்பவன் மனிதன். ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) விலகி நிற்கிறது. பாழடைந்த பங்களாவுக்குள் போகும் இளைஞனுக்கு முற்பிறவி நினைவு வருகிறது. அன்று அவன் காதலைக் குலைத்த ஜமீன்தார் நூறு வயதையும் தாண்டி அதே ஆத்திரத்தோடு உயிரோடிருக்கிறார். ஜமீன்தாராக நடித்த நம்பியாரின் முகத்துக்கு ஒளியும் நிழலும் கொடுத்த ஒளிப்பதிவாளர் வின்சென்ட், மறு ஆண்டே மலையாளத்தில் ‘பார்கவி நிலைய’த்தை இயக்கினார். எழுத்தாளர் பஷீர் தன் ‘நீலவெளிச்சம்’ சிறுகதையைத் தானே திரைக்கதையாக்கிய படம் அது.

அதை ஒவ்வொரு யாழ்ப்பாணத்தவரும் பார்க்க வேண்டும். ஆளில்லாத வீடொன்றில் ஓர் எழுத்தாளன் குடியேறுகிறான். அங்கே இறந்த பெண் காதலில் ஏமாந்து கிணற்றில் குதித்தாள் என்பது ஊர்க்கதை. அவன் பேயை விரட்டப் பார்க்கவில்லை. தோழியிடம் பேசுவது போல அவளோடு பேசுகிறான், அவள் கதையை எழுதத் தொடங்குகிறான். நடந்தது கொலை என்பது அப்போதுதான் வெளிவருகிறது.

எங்கள் வீடுகளும் அப்படி ஆளில்லாமல் போயின. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. மறு ஆண்டு சித்திரைக்குப் பிறகு திரும்பியவர்கள் படலையைத் தள்ளித் தங்கள் வளவுக்குள் கால் வைத்த விதத்தை நான் பார்த்த எந்தப் படமும் காட்டவில்லை. கதவுநிலை இல்லை, முற்றத்தில் இடுப்பளவு பற்றை, கிணற்றை எட்டிப் பார்க்கப் பயம். பேய்ப்படத்தின் முதற்காட்சிக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. அதை வாழ்ந்த எங்களுக்கு அதைப் படமாக்கத் தோன்றவில்லை.

ஜப்பானியர்களுக்குத் தோன்றியது. 1954 மார்ச்சில் பிகினி ஐதரசன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் விழுந்தது. அந்தப் பயத்தையே பூதமாக்கி அதே ஆண்டு நவம்பரில் ‘கொட்சிலா’ திரைக்கு வந்தது. தகாஹாத்தாவின் ‘மின்மினிகளின் கல்லறை’ (1988) அனிமேயில், ரயில் நிலையத்தில் பட்டினியால் இறந்த சிறுவனின் ஆவிதான் கதை சொல்கிறது. தங்கையின் ஆவி பக்கத்தில் இருக்கிறது. பேயென்று ஒருவரும் அலறுவதில்லை.

இன்று இங்கே பேய்ப்படம் எடுக்க நினைக்கும் இளைஞர்களுக்கு முன்மாதிரி 2011இன் ‘காஞ்சனா’. அந்தப் படத்தின் கோபத்தில் நியாயம் உண்டு; ஆனால் பயம் எழும் ஒவ்வொரு கணத்திலும் நகைச்சுவை வந்து அதைக் கலைத்துவிடுகிறது. எங்கள் கதைக்கு அந்த வேகம் பொருந்தாது. வின்சென்டின் நிதானம் பொருந்தும். ஒரு வெறுங்கதிரையை நீண்ட நேரம் காட்டும் துணிச்சல் வேண்டும்.

பழைய படங்களுக்குப் பார்வையாளர் வரமாட்டார்கள் என்பதும் சரியில்லை. 1992இல் இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து உருவாக்கிய இராமாயண அனிமே, 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு இந்தியத் திரையரங்குகளுக்குத் திரும்பி வந்தது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா மூன்று இரவுகளை ஒதுக்கட்டும்: ‘நெஞ்சம் மறப்பதில்லை’, ‘பார்கவி நிலையம்’, ‘மின்மினிகளின் கல்லறை’. பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் கமராவோடு உடுவிலுக்கு வரட்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள் இங்கே உண்டு. திறப்பு அநேகமாக அயல்வீட்டில் இருக்கும், கேட்டால் தருவார்கள்.