சேரி எந்தத் திணை?

ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழலுக்குத் தனிப் பட்டப்படிப்பு தொடங்கப் போகிறார்களாம். எல்லாத் துறையும் சேர்ந்து நடத்துமாம். ஆலோசனைக் கூட்டத்துக்குக் கவிஞன் என்கிற பேரில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பேங்கில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். தாவரவியல் மரம் என்றது. விலங்கியல் பறவை என்றது. தமிழ்த்துறை ஐந்திணையைத் தூக்கிக்கொண்டு வந்தது. 'சேரி எந்தத் திணைங்க சார்?' என்று கேட்டேன். சிரித்தார்கள். டீ வந்தது.

புதுக் கதை இல்லை தோழர்களே. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி 1991இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2003இல் எல்லா இளங்கலை மாணவருக்கும் ஒரு பாடத்திட்டம் கொடுத்தது. முதல் அலகே 'பல்துறைத் தன்மை'தான். காடு, மாசு, மக்கள்தொகை எல்லாம் அலகு அலகாக வந்தது. சாதிக்கு ஒரு அலகு இல்லை. தரிசு நில மீட்பு இருந்தது. 1892இல் நம் பாட்டன்மார்க்கு ஒதுக்கப்பட்டு அப்புறம் பறிபோன பஞ்சமி நிலத்தை மீட்க, காரணைப் போராட்டத்தில் 1994இல் போலீஸ் துப்பாக்கிக்கு இரண்டு பேரைக் கொடுத்தோமே, அந்த மீட்பு இல்லை.

மாசு என்கிறீர்கள். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். உடனே சாணியும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து குடம் குடமாக ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் ஜனம் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. எது மாசு, எது தீட்டு என்று எந்தத் துறை பிரித்துச் சொல்லும்?

நிசமாவே பல்துறை வேணுமா? ஒரு மலக்குழியைப் பாடமா வையுங்க. அடியில் ஹைட்ரஜன் சல்பைடு, காற்றைவிடக் கனம். முதலில் அழுகின முட்டை நாத்தம். அளவு ஏறினால் மூக்கே மரத்துப்போகும். நாத்தம் போச்சு என்று இறங்குகிறவன் பிணமாகத்தான் மேலே வருகிறான். அது வேதியியல். இறக்கிவிட்ட காண்டிராக்டரின் சம்பளக் கணக்கில் அவன் பேரே இருக்காது. அது பொருளியல். 1993இலும் 2013இலும் தடைச்சட்டம் போட்டார்கள். சாவுக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது, 2023இல் 30 லட்சம் என்றது. தொகைதான் ஏறியது, சாவு நிற்கவில்லை. வாரிசுச் சான்றிதழோடு கவுண்டரில் வந்து நிற்கிற பெண்களை எனக்குத் தெரியும். எப்பவும் ஏன் நம்ம வீட்டுப் பையனே இறங்குறான்? அது வரலாறு. எல்லாத் துறையும் வந்து சேர்கிற இடம் அந்தக் குழிதான். அதைத்தான் மூடி போட்டு மூடிவிட்டுப் பறவை பார்க்கப் போகிறார்கள்.

2003 பாடத்திட்டம் களப்பணிக்கு வைத்தது 5 மணிநேரம். குருவி பார்க்கப் போதும். புதுப் படிப்பில் ஒரு பருவம் முழுக்கக் கேளுங்கள், மாணவத் தோழர்களே. குழியில் இறங்கிப் பிழைத்து வந்தவரை வகுப்புக்கு அழையுங்கள். வெளியூர்ப் பேராசிரியருக்குக் கொடுக்கிற அதே சன்மானத்தை அவருக்கும் வாங்கிக் கொடுங்கள். உங்கள் விடுதிச் சாக்கடை எந்த வழியாகப் போய் எந்தச் சேரியில் தேங்குகிறது என்று நடந்து பார்த்து எழுதுங்கள். மார்க் போட மறுத்தால் அந்த ரெக்கார்டு நோட்டை இங்கே அனுப்புங்கள். அச்சடிப்போம்.